மேல்மாடியை விருந்தினருக்குக் கொடுங்கள், சீதன வீட்டை ஈடு வைக்காதீர்கள்

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும், கடந்த வருடம் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் தாயார் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இளைய மகளுடன் இருக்கின்றேன். அந்த வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுப்பதாக இருக்கின்றோம். அவளுக்குக் கலியாணமும் பேசி வருகின்றோம். மேல்மாடியில் இரண்டு அறைகள், குளியலறை, சிறிய சமையலறை, வெளிப்புறப் படி என்பன உண்டு. மகன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போன பின் அது பூட்டியே கிடக்கின்றது. அவர்கள் வருடந்தோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்து ஐந்து கிழமை மேலே தங்குவார்கள். மேல்மாடியைத் தன் பெயரில் ஏர்பிஎன்பி என்ற இணைய முன்பதிவுத் தளத்தில் போட்டுப் பணத்தைக் கனடாக் கணக்குக்கு எடுப்பதாகவும், வீட்டை வங்கிக்கு ஈடு வைத்து 25 இலட்சம் ரூபா கடன் பெற்றுப் பின்வளவில் இன்னும் இரண்டு அறைகள் கட்டினால் மாதம் இரண்டு இலட்சம் வரும் என்றும் மகன் சொல்கின்றார். வங்கி 13% வட்டியில் ஐந்து வருடத்துக்குக் கடன் தரத் தயாராக உள்ளது. எங்கள் வீதியில் இப்படியான மேல்மாடிக்கு ஒரு இரவுக்கு 12,000 ரூபா வாங்குகின்றார்கள். எந்த அனுமதியும் தேவையில்லை என்கின்றார்கள். இதற்கிடையில் ஒரு வங்கி உத்தியோகத்தர் மாதம் 35,000 ரூபாவுக்கு மேல்மாடியை வாடகைக்குக் கேட்கின்றார். வீடு கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றரில் உள்ளது. நான் எதைச் செய்வது? வரி எவ்வளவு வரும்?

பதில்: மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று வழிகள் உள்ளன: கடன் எடுத்துக் கட்டி நடத்துவது, இருக்கின்ற மேல்மாடியை மட்டும் விருந்தினருக்குக் கொடுப்பது, மாத வாடகைக்கு விடுவது. முதலாவதை வேண்டாம் என்று இப்போதே சொல்லி விடுகின்றேன். மற்ற இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கணக்காளன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் மழை தொடங்கி, நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாரி வலுத்துவிட்டால் பாசிக்குடாவிலேயே பெரிய ஹோட்டல்கள் விலையைக் குறைத்து ஆள் தேடும். கல்லடிக்கு வரும் வெளிநாட்டவரில் பலர் திருகோணமலை அல்லது பாசிக்குடாவிலிருந்து அறுகம்பைக்குப் போகின்ற வழியில் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவுகள் நிற்பவர்கள். ஒரு கிழமை தங்குவோர் மிகக் குறைவு. ஆகவே சுற்றுலாக் காலத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டு இரவுகளும் மற்றைய ஏழு மாதங்களில் மாதத்துக்கு நான்கு இரவுகளும் நிரம்பும் என்று எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்கும் ஒரு வீட்டுக்கு இதுவே தாராளமான கணிப்பு என்பது என் எண்ணம்.

இங்கே உங்கள் மகன் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. அவர் குடும்பம் மேலே தங்கும் அந்த ஐந்து கிழமையும் சுற்றுலாக் காலத்தின் நடுப்பகுதி. மாமாங்கேசுவரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தமும், வெளிநாடுகளில் உள்ள எங்கள் ஆட்கள் விடுமுறையில் ஊருக்கு வருவதும், அறுகம்பைக்குப் போவோர் பெருகுவதும் எல்லாம் அந்த நாட்களிலேயே. ஆகவே ஐந்து மாதத்தில் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது நான்கு மாதத்துக்கு 48 இரவுகளும் ஏனைய ஏழு மாதத்துக்கு 28 இரவுகளும், மொத்தம் 76 இரவுகள். இரவுக்கு 12,000 ரூபாப்படி வருடத்துக்கு 912,000 ரூபா கைக்கு வரும்.

இந்தத் தொகையைக் கேட்டவுடன் மனம் குளிரும். ஆனால் இது வரவுதான், இலாபம் அல்ல. புக்கிங்.கொம் போன்ற தளங்கள் பொதுவாக 15% அளவில் கமிஷன் எடுக்கும். அதற்கு 136,800 ரூபா ஒதுக்குங்கள். சராசரியாக ஒருவர் இரண்டு இரவு நின்றால் வருடத்தில் 38 தடவை அறை துப்புரவாக்கி விரிப்புகளைத் தோய்க்க வேண்டும். ஆளுக்கான கூலியும் சலவையும் தடவைக்கு 2,000 ரூபா என்றால் 76,000 ரூபா. ஏசியும் சுடுநீரும் பாவிக்கும் ஓர் இரவுக்கு மின்சாரமும் நீரும் 1,200 ரூபா என்றால் 91,200 ரூபா. காலைத் தேநீர், ஒரு நேரச் சாப்பாடு, சவர்க்காரம் என்பவற்றுக்கு இரவுக்கு 1,000 ரூபாப்படி 76,000 ரூபா. இணைய இணைப்புக்கு வருடத்துக்கு 36,000 ரூபா. திருத்த வேலைக்கு வரவில் பத்தில் ஒரு பங்கான 91,200 ரூபா. சுற்றுலா அபிவிருத்தி அறவீடு வரவில் 1%, அதாவது 9,120 ரூபா. இவற்றைக் கூட்டினால் 516,320 ரூபா. வரவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 395,680 ரூபா. மாதத்துக்குச் சுமார் 33,000 ரூபா. வங்கி உத்தியோகத்தர் தரச் சம்மதிக்கும் 35,000 ரூபாவை விட இது குறைவு. உங்கள் சொந்த உழைப்புக்கு இந்தக் கணக்கில் ஒரு சதமும் எடுத்துவைக்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

திருத்த வேலைக்குப் பத்தில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்பீர்கள். கடலுக்கு 200 மீற்றரில் இருக்கும் வீட்டில் உப்புக் காற்று என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏசியின் வெளிப் பெட்டி, யன்னல் கொளுக்கி, தண்ணீர்க் குழாய்ப் பூட்டு எல்லாம் கடலுக்குத் தள்ளி உள்ள வீடுகளை விட வேகமாகத் துருப்பிடிக்கும். வெள்ளை விரிப்புகளைக் கிணற்று நீரில் தோய்த்தால் சில மாதங்களிலேயே மஞ்சள் பாரித்துவிடும். நீங்களும் மகளும் அதைப் பொருட்படுத்தாமல் படுப்பீர்கள். 12,000 ரூபா கொடுத்தவர் அதைப் படம் எடுத்துத் தளத்தில் போடுவார். குழாய் நீரில் தோய்ப்பதும் ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று சோடி விரிப்பு வைத்திருப்பதும் அதனால்தான் அவசியமாகின்றன.

இனிக் கடனுக்கு வருகின்றேன். 25 இலட்சம் ரூபாவை 13% வட்டியில் ஐந்து வருடத்தில் திருப்பிச் செலுத்துவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 56,900 ரூபா. இரண்டு அறைகள் நான்காவதால் வருமானமும் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டாலும், மாத மிச்சம் 66,000 ரூபா. தவணை போகக் கையில் நிற்பது 9,000 ரூபா. அதுவும் சராசரிக் கணக்கு. நவம்பரில் வெள்ளம் வந்து ஒருவரும் எட்டிப் பார்க்காத மாதத்திலும் தவணை அதே 56,900 ரூபாதான். அதை உங்கள் ஓய்வூதியத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். மகன் சொல்லும் மாதம் இரண்டு இலட்சம் வரவாகக்கூட எல்லா மாதமும் வராது. மிச்சமாக வருவதற்கு வழியே இல்லை.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பதும் வீட்டைத்தான். ஈடு வைத்தால் அது காணிப் பதிவகத்தில் பதிவாகும். பிறகு மகளுக்கு நன்கொடை உறுதி எழுத நொத்தாரிசு பதிவேட்டைத் தேடும்போது அந்த ஈடு மேலே நிற்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் சுத்தமான உறுதி கொடுக்க முடியாது. கலியாணப் பேச்சு நடக்கும் வேளையில், ஐந்து வருடக் கடனை அந்தப் பிள்ளையின் வீட்டின் மேல் ஏற்றுவதற்கு நான் எந்த வகையிலும் உடன்படமாட்டேன். மகன் நல்ல எண்ணத்தோடு சொல்கின்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடன் உங்கள் பெயரிலும் ஈடு தங்கையின் வீட்டிலும் இருக்க, தொழிலை அவர் கனடாவிலிருந்து நடத்துவது நியாயமான பங்கீடு ஆகாது.

பின்வளவில் கட்டுவதில் வேறொரு தடையும் இருக்கின்றது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 200 மீற்றரில் உள்ள உங்கள் வளவு அதற்குள் வருகின்றது. அங்கே புதிய கட்டடம் எழுப்ப மாநகர சபையின் அனுமதி மட்டும் போதாது. கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் பெற வேண்டும். 2004 இல் கடல் வந்த திசையில் இருப்பவர்களுக்கு இந்த விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

எந்த அனுமதியும் தேவையில்லை என்று வீதியில் சொல்வது தவறு. தளம் உங்கள் வீட்டை ஏற்றுக்கொள்வது அனுமதி ஆகாது. அவர்கள் படத்தையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு விருந்தினரை ஏற்பதற்கு ஹோம்ஸ்டே என்ற பிரிவு உண்டு. நீங்கள் கீழே குடியிருப்பதால் அதுவே உங்களுக்குரியது; முழு வீட்டையும் கொடுப்போருக்கான பிரிவுகள் வேறு.

பதிவுக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: மேல்மாடிக்கு மாநகர சபை அங்கீகரித்த வரைபடமும் இணக்கச் சான்றிதழும் இருக்கின்றனவா? கீழ் வீட்டுக்கு எல்லாம் இருக்கும். பிறகு பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் மேலே கட்டியதற்கு ஒன்றும் இராது. எங்கள் ஊரில் பாதி மேல்மாடிகளின் கதை இதுதான் என்று சொல்லத் தோன்றுகின்றது. அப்படியானால் முதலில் மாநகர சபைக்குப் போய் அதைச் சீர் செய்யுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டையும் உறுதியின் பிரதியையும் கொண்டு போங்கள். அதே பயணத்தில் வியாபார அனுமதிப்பத்திரம் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். வேறு பெயர் வைத்து நடத்துவதென்றால் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் அந்த அலைச்சல் இல்லை. வீட்டுக் காப்புறுதி இருந்தால், பணம் வாங்கி ஆட்களைத் தங்க வைப்பதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். குடியிருப்புக்கென எடுத்த காப்புறுதி, விருந்தினர் ஒருவர் படியில் விழுந்தாலோ ஏசி தீப்பற்றினாலோ கைகொடுக்காமல் போகலாம்.

வரி பற்றி நீங்கள் அதிகம் பயப்படத் தேவையில்லை. வருமான வரியில் தனிநபர் விடுதொகை 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 1,800,000 ரூபா. அரசாங்க ஓய்வூதியம் வரிக்கு உட்படாது. பணிக்கொடையை நிலையான வைப்பில் போட்டிருந்தால் அதன் வட்டியையும் மேலே சொன்ன 395,680 ரூபாவையும் கூட்டிப் பாருங்கள். 1,800,000 ரூபாவைத் தாண்டாத வரை வருமான வரி இல்லை. தாண்டினாலும் தாண்டிய தொகையில் முதல் பத்து இலட்சத்துக்கு 6% மட்டுமே. வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, வரவு செலவுகளுக்கு ஒரு கொப்பியும் பற்றுச்சீட்டுகளுக்கு ஒரு கோப்பும் வைத்தால் போதும். வெளிநாட்டுக் காசாக வருவதால் 15% தான் உச்ச வரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை இலங்கைக்கு வெளியே பயன்படும் சேவைகளுக்கு உரியது. உங்கள் விருந்தினர் கல்லடியிலேயே படுத்து எழும்புகின்றார்.

மகனின் கனடாக் கணக்குக்குப் பணத்தை எடுப்பது வேண்டாம். உறுதி உங்கள் பெயரில் இருப்பதாலும் விருந்தினரைக் கவனிப்பது நீங்கள் என்பதாலும் வருமானம் உங்களுடையது. அவர் பெயரிலும் அவர் கணக்கிலும் அது போனால் கனடாவில் அவர் வருமானமாகத் தெரியும். வரி கட்டத் தேவையில்லாத உங்கள் பணத்துக்கு அவர் அங்கே பதில் சொல்ல வேண்டி வரும். தளத்தில் வீட்டுக்காரராக உங்கள் பெயரையே கொடுத்து, இங்குள்ள வங்கியில் இதற்கென ஒரு தனிக் கணக்கைத் திறவுங்கள். கடிதத் தொடர்பு, படம், நாட்காட்டி என்பவற்றை மகன் அங்கிருந்து கவனிக்கலாம். அது பெரிய உதவிதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: புக்கிங்.கொம் போன்ற தளத்தில் விருந்தினர் வாசலில் கையில் பணம் தரும் முறையைத் தெரிவு செய்தால், கமிஷனுக்கான விலைச்சிட்டை மாதம் முடிந்த பிறகே வரும். அதற்குள் கைக்காசு மீன் வாங்கவும் கோவிலுக்குக் கொடுக்கவும் போய்விடும். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்குப் பதினைந்தைத் தனி உறையில் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டவரை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து நோயாளியோடு வருவோர், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லடியில் உள்ள விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்கும் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடும் பெற்றோர், கலியாண வீட்டுக்கு வரும் கொழும்பு ஆட்கள் ஆகியோருக்கு மாரியிலும் இடம் தேவைப்படும். இவர்கள் பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டு வருவார்கள். கமிஷன் இல்லாததால் இரவுக்கு 9,000 ரூபா வாங்கினாலும் உங்களுக்கு நட்டம் இல்லை. ஆனால் சொந்தக்காரரை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களிடம் காசு வாங்க உங்களுக்கு வாய் வராது. வாங்கினால் உறவும் நிற்காது.

வீட்டில் நீங்களும் மகளும் மட்டும் இருப்பதால் ஒழுங்குகளைக் கண்டிப்பாக வைத்திருங்கள். வருவோரின் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், வந்த நேரம், போகும் நாள், வாகன இலக்கம், கையொப்பம் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரிய குழுவில் ஒருவரின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. மதுபானம், மேலே வரும் பார்வையாளர்கள், இரவில் படலை பூட்டும் நேரம் பற்றிய விதிகளைத் தளத்திலேயே எழுதிப் போடுங்கள். முன்பதிவு செய்து காசு கட்டிய பிறகு வாசலில் நிறுத்தி மறுப்பது உங்களுக்கும் அவமானம், வருபவருக்கும் அநியாயம். பொலிஸ் நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வேறொருவர் வாயால் கேட்டால் கதை வேறாகிவிடும், கலியாணம் பேசும் வீட்டுக்கு அது நல்லதல்ல.

இனி, ஹோம்ஸ்டேயா, மாத வாடகையா? பணம் ஒன்றே நோக்கம் என்றால் வங்கி உத்தியோகத்தருக்குக் கொடுப்பதே சரி. மாதம் 35,000 ரூபா, அதிகமாகவும் வருகின்றது, உழைப்பும் இல்லை. ஆனாலும் உங்கள் நிலையை முழுதாகப் பார்த்த பின் நான் ஹோம்ஸ்டேயின் பக்கமே சாய்கின்றேன். வாடகைக்கு ஒருவர் குடியேறிய பின் ஜூலையில் மகன் குடும்பம் எங்கே படுக்கும்? கலியாணம் சரிவந்தால் மேல்மாடி முதலில் தேவைப்படுவது உங்களுக்குத்தான். ஒரு மாத அறிவித்தலில் நல்ல மனிதரை எழுப்புவது சங்கடம், எழும்ப மறுப்பவரை எழுப்புவது வழக்கு. ஹோம்ஸ்டேயில் நாட்காட்டியில் திகதியை மூடினால் வீடு உங்கள் கையில் இருக்கும். மாதம் இரண்டாயிரம் ரூபா குறைவதை அந்தச் சுதந்திரத்தின் விலையாக நான் பார்க்கின்றேன். ஒரு வருடம் நடத்திப் பார்த்து உடல் ஒத்துழைக்கவில்லை என்றால் வாடகைக்கு விடலாம். வாடகையிலிருந்து திரும்பி வருவது அவ்வளவு எளிதல்ல.

தொடங்கும்போது கைக்காசில் அடங்கும் அளவுக்கே செலவிடுங்கள்: நல்ல இரண்டு மெத்தைகள், விரிப்புகள், நுளம்பு வலை, படிக்கு வெளிச்சம், மின்தடைக்கு ஒரு மாற்று விளக்கு. ஏசியை ஓர் அறைக்குப் பூட்டினால் போதும். வீட்டு மின்பட்டியல் மாதத்துக்கு 180 அலகைத் தாண்டினால் உச்சக் கட்டணப் படிக்குப் போய்விடும். மேல்மாடிக்கு ஒரு துணை மானி பொருத்தி விருந்தினர் பாவனையைத் தனியே குறித்து வந்தால், நான் இரவுக்கு 1,200 ரூபா என்று எடுத்தது உங்கள் வீட்டுக்குக் கூடவா குறைவா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஆட்கள் வராத கிழமைகளில் மேலே உள்ள கழிப்பறைத் தொட்டி, பூச்சட்டித் தட்டு என்பவற்றில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குப் பரிசோதனைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

வங்கியில் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்தால் இப்போதே எழுத்தில் மீளப் பெறுங்கள். உறுதியின் மூலப் பிரதியை அங்கே கொடுத்திருந்தால் அதைக் கையோடு வாங்கி வாருங்கள். வீடு கேட்ட உத்தியோகத்தருக்கும் இந்தக் கிழமையே பதில் சொல்லி விடுங்கள். அவர் பாடசாலைப் பிள்ளைகளோடு இடமாற்றம் பெற்று வருபவராக இருந்தால் ஒவ்வொரு நாளும் அவருக்கு முக்கியம்.